ஆள் ஏறினால் வரும் சத்தம்

நிலக்கோட்டைக்குப் போகிற சாலையில், கடைகள் முடிந்து புளியமரங்கள் தொடங்குகிற இடத்தில் பிலோமினாவின் ஒர்க்ஷாப் இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கூரை, வண்டியைத் தூக்கி நிறுத்த ஒரு லிஃப்ட், தரையில் ஆள் இறங்கி நிற்கிற அளவுக்கு ஒரு பள்ளம். சின்னக் கார்கள் மட்டும்தான் பார்ப்பாள். பெரிய வண்டி வந்தால் சாலையின் அந்தக் கோடியைக் காட்டி அனுப்பிவிடுவாள்.

அவளிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தவன் சந்தியாகு. அவளைவிட ஆறேழு வயது மூத்தவன். பாதி ஆயுளை லாரி ஓட்டியே கழித்தவன். அவன் அவளை அக்கா என்பான். அவள் அவனை அண்ணே என்பாள். ஒருவரை ஒருவர் மூத்தவராக்கிக்கொண்டு இருவரும் பேசுவதைக் கேட்டு வண்டிக்காரர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை இருவருமே கண்டுகொண்டதில்லை.

வேலை கற்கத்தான் அவன் வந்தான் என்று முழுதாகச் சொல்லிவிட முடியாது. வீட்டில் இருக்க முடியாமல் வந்தான். போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், சோற்றுத் தட்டை எடுத்து வீசினான். யார்மேலும் படவில்லை. மகள் நிவேதாவின் காதோரமாகப் போய்க் கதவு நிலையில் மோதித் தரையில் விழுந்து, சுற்றிச் சுற்றி, அடங்க நெடுநேரம் ஆனது. தட்டு அடங்கியபின் அந்த வீட்டில் ஒரு அமைதி வந்தது. அதைவிடப் பெரிய சத்தத்தை அவன் கேட்டதில்லை. மறுநாள் அவன் மனைவி ஜெசிந்தா மகளைக் கூட்டிக்கொண்டு, வத்தலக்குண்டில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்குப்பின் அவன் ஒர்க்ஷாப்பின் பின்னறையிலேயே தங்கிக்கொண்டான். தானே பொங்கித் தின்றான். மாலையில் கருவிகளை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வரிசையாக அடுக்கினான். யாரிடமும் குரல் உயர்த்தவில்லை. தெரு நாய் அவன் செருப்பைக் கடித்துக் குதறிய அன்றும் அதைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்தான்.

ஒரு வியாழக்கிழமை ஜெசிந்தா போன் செய்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு. நலம் விசாரிக்கவில்லை.

"பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் தொறக்கப் போகுது. இங்க சேக்குறதா, அங்கயே வந்து சேக்குறதான்னு முடிவு பண்ணணும். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்தக் கோபம் இருக்கா, போயிருச்சா? அவசரப்பட்டுச் சொல்ல வேணாம். சனிக்கிழமைக்குள்ள தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுங்க. பொய்யின்னா எனக்குத் தெரிஞ்சுரும்."

போனை வைத்துவிட்டாள்.

சந்தியாகு அன்று முழுக்க யோசித்தான். போய்விட்டது என்றுதான் தோன்றியது. ஆனால் தோன்றுவதை நம்பி ஒரு குழந்தையைத் திரும்ப அழைக்க அவனுக்குப் பயமாக இருந்தது. மறுநாள் காலை பிலோமினா டீ குடித்துக்கொண்டிருந்தபோது எதிரில் போய் நின்றான்.

"அக்கா, ஒரு ஆளுகிட்டேருந்து கோபம் போயிருச்சா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

பிலோமினா டம்ளருக்கு மேலாக அவனைப் பார்த்தாள். ஜெசிந்தா போன் செய்தது அவளுக்குத் தெரியும். அவள் பதில் சொல்லுமுன் ஒரு வெள்ளிநிறக் கார் புழுதியோடு உள்ளே வந்து நின்றது.

"அது இருக்கட்டும்ணே. பூக்காரம்மா வண்டி திரும்ப வந்துருச்சு. என்னன்னு கேளுங்க."

கார் முத்துப்பேச்சியுடையது. அவளும் அவளுடைய தங்கைகள் இருவரும் நிலக்கோட்டைச் சந்தையில் பூ எடுத்து, திண்டுக்கல்லில் கட்டி விற்கிறவர்கள். மூவரும் நல்ல வாட்டசாட்டமானவர்கள். முத்துப்பேச்சி இறங்கும்போதே ஆரம்பித்தாள்.

"சந்தியாகு அண்ணே, சத்தம் அப்படியே இருக்கு. பின்னாடி கடக்கு கடக்குன்னு. நேத்து தங்கச்சிக இதுல வர மாட்டோம், பஸ்ல வர்றோம்னுட்டாளுக."

"போன தடவை பார்த்தேனேம்மா. சத்தமே வரலையே."

"உங்களுக்கு வரலை. எங்களுக்கு வருது. வண்டி ஆளு பார்த்துக் கத்துதா?"

சந்தியாகு சிரித்தான். கோபம் வரவில்லை. அதை மனதுக்குள் குறித்தும் கொண்டான்.

அந்தக் கார் இதோடு மூன்றாவது முறை வந்திருக்கிறது. முதல் முறை பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினான். இரண்டாம் முறை சைலன்சரைத் தாங்குகிற ரப்பர்களை மாற்றினான். வேலையில் அவனுக்கு ஒரு முறை உண்டு. வண்டியை முதலில் காலி செய்துவிடுவான். டிக்கியில் உள்ள ஸ்டெப்னி, ஜாக்கி, பூக்கூடை, காலடி விரிப்பு, கதவுச் சந்தில் கிடக்கிற தண்ணீர் பாட்டில், கண்ணாடியில் தொங்குகிற மணிமாலை வரைக்கும் எடுத்து வெளியே வைப்பான். சலசலக்கிற எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. அப்புறம் தனியாக ஓட்டிப் பார்ப்பான். வண்டி வெண்ணெய் மாதிரி போகும். சத்தம் போய்விட்டது என்று சொல்லி அனுப்புவான்.

அன்றும் அப்படியே காலி செய்ய ஆரம்பித்தான். ஸ்டெப்னியைத் தூக்கும்போது பிலோமினா சொன்னாள்:

"வைங்கண்ணே. எல்லாத்தையும் இருந்த இடத்துல வைங்க."

"சத்தத்துக்கு நடுவுல சத்தம் தேட முடியாதுல்லக்கா?"

பிலோமினா முத்துப்பேச்சியைப் பார்த்தாள். "தங்கச்சிக எங்க?"

"பஸ் ஸ்டாப்புல உக்காந்துருக்காளுக. மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு."

"கூட்டிட்டு வா. மூணு பேரும் பின்னாடி உக்காருங்க. பூ மூட்டை இருந்தா அதையும் ஏத்து."

"பூவுக்கு என்னக்கா கனம்? நாங்கதான் கனம்," என்றாள் முத்துப்பேச்சி.

மூன்று பெண்களும் பின்சீட்டில் நெருக்கி அமர்ந்தார்கள். கார் பின்பக்கம் தாழ்ந்து உட்கார்ந்தது. பிலோமினா முன்னால் ஏறிக்கொண்டாள். சந்தியாகு ஓட்டினான்.

சாலைக்கு ஏறியதும் பின்னால் பேச்சு தொடங்கிவிட்டது. கனகாம்பரம் விலை, சின்னத் தங்கையின் கொழுந்தன் கல்யாணம், யார் யாரை நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது. முதல் வேகத்தடையில் ஒன்றும் இல்லை. வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் சாலை வலப்பக்கம் வளையும். வண்டி வளைந்தது. மூன்று பேரும் இடப்பக்கமாகச் சாய்ந்தார்கள்.

கடக்.

"கேட்டுச்சா?" என்றாள் நடுத்தங்கை. "நாங்க என்ன பொய்யா சொன்னோம்?"

சந்தியாகு உண்மையிலேயே திகைத்துப் போனான். இவ்வளவு தெளிவான சத்தம். இரண்டு முறை தனியாக இதே வளைவில் போயிருக்கிறான்.

"வலது பக்கம் கேக்குதுக்கா," என்றான்.

"கேக்கட்டும். இன்னொரு தடவை போங்க."

திருப்பிக்கொண்டு போனான். மறுபடி வந்தான். பாலத்து மேட்டில் வண்டி மூச்சு வாங்கியது. பின்னாலிருந்து முத்துப்பேச்சி முன்சீட்டுக்கு நடுவில் தலையை நீட்டினாள்.

"கியரைக் குறைங்கண்ணே, வண்டி திணறுது. இந்த மேட்டுல ரெண்டுதான் போடணும்."

"சரிம்மா."

"இன்னும் குறைக்கலையே. இப்படி ஓட்டுனா சத்தம் வராம என்ன செய்யும்? தெரியலைன்னா எறங்குங்க, நான் ஓட்டிக் காட்டுறேன்."

எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாது. பிரேக்கை மிதித்தான். ஸ்டியரிங்கில் கையை ஓங்கி அறைந்தான்.

"எனக்கா தெரியாது? வாயை மூடிக்கிட்டு வர முடியாதா உங்களால?"

கார் பாலத்துமேல் குறுக்கே நின்றது. பின்னால் பேச்சு நின்றுவிட்டது. கண்ணாடியில் சின்னத் தங்கையின் முகம் தெரிந்தது. அவள் பூ மூட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அந்தக் கண்களை அவன் வேறொரு முகத்தில் பார்த்திருக்கிறான். கீழே வாய்க்காலில் தண்ணீர் போகிற ஓசை மட்டும் கேட்டது.

பிலோமினா கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

"திருப்புங்கண்ணே, போகலாம்," என்றாள்.

ஒர்க்ஷாப்பில் வண்டியைப் பள்ளத்தின்மேல் நிறுத்தியதும் சந்தியாகு இறங்கிப் பின்கதவுப் பக்கம் வந்தான்.

"அம்மா, தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சுக்கங்க." சின்னத் தங்கையிடமும் தனியாகச் சொன்னான். "பாப்பா, நீயும்."

முத்துப்பேச்சி அவனைப் பார்த்தாள். "நல்லா மெரட்டிட்டீங்கண்ணே. எங்க வீட்டுக்காரர்கூட இவ்வளவு கத்த மாட்டார். கத்துனாலும் இப்படி வந்து நிக்க மாட்டார். போங்க, வேலையைப் பாருங்க."

அவள் இறங்கப் போனாள். பிலோமினா தடுத்தாள்.

"எறங்காதீங்க. மூணு பேரும் அப்படியே இருங்க. அண்ணே, டார்ச்சை எடுத்துக்கிட்டுப் பள்ளத்துல எறங்குங்க."

சந்தியாகு இறங்கினான். தலைக்குமேல் வண்டியின் வயிறு இருந்தது. சேறு, புகை, எண்ணெய் நாற்றம். இரண்டு பின்சக்கரங்களையும் இணைத்துப் போகிற ஆக்சில், முன்பக்கம் இரண்டு இடத்தில் பாடியோடு சேர்கிறது. அந்த இரண்டு இடத்திலும் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு ரப்பர் புஷ். அவன் டார்ச்சை வலப்பக்கம் அடித்தான். சத்தம் கேட்ட பக்கம். ரப்பர் நன்றாக இருந்தது.

"வலது பக்கம் ஒண்ணும் இல்லக்கா."

"கேக்குற எடம் ஒண்ணு, கெளம்புற எடம் ஒண்ணா இருக்கும். எல்லாத்துலயும் கையை வச்சுப் பாருங்க." பிலோமினா பெண்கள் பக்கம் திரும்பினாள். "நீங்க மூணு பேரும் அங்கிட்டும் இங்கிட்டும் ஆடுங்க."

"ஆடவா?" என்று மேலே ஒரு குரல் சிரித்தது. வண்டி ஆட ஆரம்பித்தது.

சந்தியாகு ஒவ்வொன்றாகக் கையை வைத்தான். ஸ்பிரிங். புது ஷாக். சைலன்சர். இடப்பக்க புஷ்ஷில் விரல் வைத்தபோது, மேலே அவர்கள் சாய, இரும்பு இரும்பில் இடிப்பது விரலுக்குத் தெரிந்தது. டார்ச்சை அடித்தான். ரப்பரில் ஒரு கிழிசல். பெண்கள் இடப்பக்கம் சாயும்போது உதடு மாதிரி திறந்தது. நிமிரும்போது மூடிக்கொண்டது. மூடியபின் கிழிசல் இருந்த சுவடே தெரியவில்லை.

"அக்கா, கிழிஞ்சிருக்கு. இடது பக்கம்."

"முந்தி பார்த்தீங்கதானே அதை?"

"ரெண்டு தடவையும் பார்த்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"எப்படி வச்சுப் பார்த்தீங்க?"

"லிஃப்ட்ல தூக்கி. காலி வண்டியா."

பிலோமினா ம்ம் என்றாள்.

பெண்கள் பஸ்ஸில் போனார்கள். காரை நாளைக் காலை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியாயிற்று. சந்தியாகு புது ரப்பர் வாங்கி வந்தான். லிஃப்ட்டில் தூக்கி, ஆக்சிலை இறக்கி, பழையதை நெட்டித் தள்ளிப் புதியதை ஏற்றினான். மத்தியானம் முழுக்க அந்த வேலைதான். சாப்பிடவில்லை. கடைசியில் நீள ஸ்பேனரைப் போட்டு, உடம்பின் பலத்தையெல்லாம் கொடுத்து, போல்ட்டை இறுக்கினான். இனி எதுவும் அசையக் கூடாது என்பதுபோல இறுக்கினான்.

பிலோமினா வந்து லிஃப்ட்டின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"நல்லா இறுக்கிட்டீங்களா?"

"நல்லா இறுக்கிட்டேன்."

"அவிழ்த்துவிடுங்க."

அவன் அவளைப் பார்த்தான்.

"போல்ட்டை மட்டும். கழட்ட வேணாம். லூசா விடுங்க."

"ஏங்க்கா? சரியாத்தானே..."

"சக்கரம் இப்ப தொங்குது, பாருங்க." அவள் சக்கரத்தைக் கையால் ஆட்டிக் காட்டினாள். "தொங்கும்போது இறுக்குனா, தொங்குறதுதான் நம்ம நிலைன்னு அந்த ரப்பர் இருந்துக்கும். கீழ எறக்கி வைக்கிற நிமிசத்துலேருந்து அதுக்கு முறுக்குத்தான். ஆள் ஏறினா இன்னும் முறுக்கு. பாவம், எத்தனை நாளைக்குத் தாங்கும்? முந்தி இதை மாட்டுனவரும் இப்படித்தான் மேல வச்சு இறுக்கியிருப்பார். கெட்டிக்காரரா இருந்திருப்பார். பலமா இறுக்கியிருக்கார்."

சந்தியாகு போல்ட்டைத் தளர்த்தினான்.

"அப்புறம் எப்ப இறுக்குறது?"

"நாளைக்கு. அந்தப் புள்ளைங்க வரட்டும்."

மாலை மங்கும்வரை அவன் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே கழுவியதையே மறுபடி கழுவினான். கிளம்பும்போது பிலோமினா பார்த்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. முத்துப்பேச்சியும் தங்கைகளும் சந்தைக்குப் போகிற வழியில் வந்தார்கள். கையில் உளுந்துவடைப் பொட்டலம். பிலோமினா அவர்களைப் பின்சீட்டில் ஏற்றினாள். டிக்கியில் ஸ்டெப்னியும் ஜாக்கியும் கூடைகளும் ஏறின. பள்ளத்தின்மேல் நின்ற காரின் பின்பக்கத்தைப் பிலோமினா இரண்டு கையாலும் நாலைந்து முறை அமுக்கி அமுக்கி விட்டாள். வண்டி மேலும் கீழும் ஆடி, தனக்கு வேண்டிய இடத்தில் வந்து நின்றது.

"ம். இப்ப இறுக்குங்க."

சந்தியாகு பள்ளத்தில் நின்று இறுக்கினான். தலைக்குமேல் வடை தின்கிற சத்தம், சிரிப்பு, சண்டை.

"அண்ணே," என்று முத்துப்பேச்சி மேலேயிருந்து குனிந்து கேட்டாள். "வலது பக்கம் திருப்புனா இறுகுமா, இடது பக்கமா? தெரியலைன்னா சொல்லுங்க, நான் எறங்கி வர்றேன்."

தங்கைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டது வண்டியின் அடியில் இருந்தவனுக்கும் தெரிந்தது. ஸ்பேனர் நின்றது. அவன் கழுத்தில் சூடு ஏறியது. அது ஏறுவதை அவன் இந்த முறை பார்த்தான். ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு.

"வாங்கம்மா," என்றான். "பள்ளத்துல எடம் பத்தாது. உங்களைத் தூக்கிவிட இன்னொரு லிஃப்ட் வேணும்."

மேலே மூன்று பேரும் சிரித்ததில் கார் குலுங்கியது. "ஆடாம இருங்க," என்று அவன் கீழேயிருந்து கேட்டுக்கொண்டான். ஸ்பேனர் மறுபடி நகர்ந்தது.

முத்துப்பேச்சியே ஓட்டிக்கொண்டு போனாள். பாலத்து வளைவில் அவர்கள் திரும்புவது இங்கிருந்து தெரியும். சந்தியாகு சாலையோரம் நின்று பார்த்தான். சற்று நேரத்தில் நடுத்தங்கை ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, சத்தமில்லை என்று ஆட்டுவது தெரிந்தது.

அவன் உள்ளே வந்தான். போனை எடுத்து ஜெசிந்தாவின் பெயரைப் பார்த்தான். திரும்பவும் பையில் போட்டான்.

"அக்கா, இன்னைக்குப் பதில் சொல்லணும்."

"சொல்லுங்க."

"போகலைக்கா. நேத்து பாலத்துமேல பார்த்தீங்கள்ல. நான் போயிருச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இன்னும் ஒரு வருசம் இங்கயே இருந்துட்டா, சுத்தமாப் போனப்புறம் வரச் சொல்லலாம்ல?"

பிலோமினா கையில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து எதுக்குக் கத்துனீங்க?"

அவன் யோசித்தான். "'தெரியலைன்னா எறங்குங்க'ன்னு அந்தம்மா சொன்னப்ப."

"அதுக்கு முந்தி, வீட்டுல?"

சாலையில் ஒரு பஸ் போயிற்று.

"பாப்பா கணக்குல ஏதோ கேட்டுச்சு. சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். சொல்லத் தெரியலை. 'அப்பாவுக்குத் தெரியாது, விடு'ன்னு அவங்கம்மா சொன்னா. சாதாரணமாத்தான் சொன்னா." அவன் குரல் இறங்கிவிட்டது. "சோத்துல உப்பில்லைன்னுதான் தட்டை வீசினேன்னு இத்தனை நாளும் நெனச்சுக்கிட்டு இருந்தேன்க்கா."

"இப்ப எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சுருச்சுல்ல?"

"தெரிஞ்சுருச்சு."

"அதைச் சொல்லுங்க. போகலைன்னும் சொல்லுங்க. எங்கேருந்து வருதுன்னும் சொல்லுங்க. இன்னைக்குக் காலையில என்ன நடந்துச்சோ அதையும் சொல்லுங்க."

"கேட்டுட்டு, வர மாட்டேன்னு சொல்லிட்டா?"

"சொல்லலாம். அது அவங்க முடிவு. உங்களது இல்ல."

சந்தியாகு தலையசைத்தான். போனை மறுபடி எடுத்தான். விரலைப் பெயரின்மேல் வைத்துக்கொண்டே கேட்டான்:

"வர்றேன்னு சொல்லிட்டாக்கா?"

பிலோமினா துணியை ஆணியில் மாட்டினாள்.

"வந்தப்புறம் இறுக்குங்க," என்றாள்.